ஊர்வு

அறுநூற்று ஐம்பது டிகிரியில்
சுண்டுவிரல் நீளத்தில் ஓர் எஃகுத் துண்டு
தொங்கிக்கொண்டிருக்கிறது, காலில் எடையோடு.
அது நீள்கிறதா என்று பார்ப்பதுதான்
எங்கள் படிப்பு.
நீள்கிறது.
வாரத்துக்கு ஒரு தலைமயிரின் தடிமனில் பாதி.

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
டயர்க் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவே
பயிற்சிக்கூடம்.
பெயர்ப்பலகை மூன்று மொழியில்.
தமிழில் மட்டும் உலை, உளை ஆகியிருந்தது.
உளைச்சல் மிகுந்த இடம்தானே என்று
அப்படியே விட்டுவிட்டோம்.

கையேட்டின் முதல் பக்கம்: தொடாதே.
இரண்டாம் பக்கம்: நடந்ததை நடந்த மணியில் எழுது.
மூன்றாம் பக்கத்தில்தான் நியூட்ரான் வருகிறது.

வந்து மோதினால்
அணு தன் இடத்தை விட்டுத் தெறிக்கும்.
உலையின் ஆயுளுக்குள் ஒவ்வோர் அணுவும்
நூறு முறை, நூற்றைம்பது முறை.
பெரும்பாலானவை எங்கோ ஒரு காலி இடத்தில்
உட்கார்ந்துவிடும்.
உட்காராதவையால்தான் வீக்கம், பிறகு விரிசல்.
ரொஸ்னானி குறித்துக்கொண்டாள்.
ஃபூங் கணக்குப் போட்டான்.
செம்பனைக்காக இரண்டு முறை,
தாமான் கட்ட ஒரு முறை
லயம் மாற்றப்பட்ட இளவேனி
"காலி இடத்தை யார் முடிவு செய்வது?" என்றாள்.
திரையிலிருந்த விரிவுரையாளர்
அதை இயற்பியல் கேள்வி என்று நினைத்துப் பதில் சொன்னார்.
நல்ல பதில்தான்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
எந்த எறும்பு, எந்தக் கல்,
எத்தனை மணி, என்ன வெப்பம்,
யாரும் எழுதி வைக்கவில்லை.

ரொட்டிக் கடை சந்தனசாமி
பார்க்கும்போதெல்லாம் கேட்பார்:
"பசியாறியாச்சா? குண்டு செஞ்சாச்சா?"
"குண்டு இல்லண்ணே, கம்பி."
"எந்த உலைக்கு?"
"இன்னும் கட்டாத உலைக்கு."
"எங்க கட்டப் போறாங்க?"
"தெரியல."
தே தாரிக்கை ஒரு முழம் உயர்த்தி ஆற்றினார்.
"பொறக்காத பிள்ளைக்குத் தொட்டில்."
சிறிது கழித்து, "பரவால்ல,
தொட்டில் கழண்டு விழக் கூடாது பாரு" என்றார்.

பதினேழாம் துண்டு, மணி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
இரவுப் பணி என்னுடையது.
செம்பனைக் காட்டுக்கு மேல் இடி.
மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
நான் அப்போது சந்தனசாமி கடையில்
முட்டை ரொட்டிக்குக் காத்திருந்தேன்.

ஓடி வந்தபோது விளக்கெல்லாம் எரிந்தது.
திரும்பி வந்த மின்சாரம் அவசரக்காரன்:
அறுநூற்று எழுபத்தொன்று வரை ஏறிவிட்டு
ஒன்றும் தெரியாதவன் போல
அறுநூற்று ஐம்பதில் வந்து நின்றான்.
பதினொரு நிமிடம்.
வரைகோட்டில் சின்னக் கொம்பு.
அந்தப் பக்கத்தில் மழைத் தண்ணீர் கொட்டிவிட்டது
என்று சொன்னால் நம்புவார்கள்.
கூரை உண்மையிலேயே ஒழுகும்.

எண்பது நாள்.
ரொஸ்னானி நோன்பு வைத்துக்கொண்டு பார்த்த நாள்கள் அதில் உண்டு.
ஃபூங் தன் அக்காள் திருமணத்துக்குக்கூட
மாலையில்தான் போனான்.

ரொட்டி ஆறும் வரை அங்கேயே நின்றேன்.
பிறகு எழுதினேன்:
ஆள் இல்லை. கடைக்குப் போயிருந்தேன்.
வெப்பம் மிகுந்தது. துண்டு செல்லாது.
எழுத்து கோணலாக வந்தது.
அடித்துவிட்டு எழுதவும் விதி இல்லை.

காலையில் யாரும் திட்டவில்லை;
திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.
இளவேனி அந்த வரியை இருமுறை படித்தாள்.
"முட்டை ரொட்டியா, வெங்காயமா?" என்று மட்டும் கேட்டாள்.
ஃபூங் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டு
அதன் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான்.

பதினெட்டாம் துண்டை மாட்டினோம்.
எடையை இறக்கும்போது நால்வரும்
மூச்சை அடக்கிக்கொண்டோம்,
விதியில் இல்லாவிட்டாலும்.
மணி: பூச்சியம்.

ஆலைச் சங்கு ஊதியது.
பின்னால் சிரம்பான் பேருந்து
உறுமிக் கிளம்ப
மேசை கொஞ்சம் நடுங்கியது.
அதையும் எழுதினேன்.